சாவி எண் நான்கு

பெருங்குடியில் நான் காப்பது ஒரு வாசல்.
கதவு கிடையாது, நிலைப்படி கிடையாது.
வருகிற கோரிக்கையை நிறுத்தி
நீ யார், சாவி எங்கே, இது எத்தனையாவது தடவை
என்று கேட்கிற சில ஆயிரம் வரிகள்.
நிமிடத்துக்கு அறுபது பேர்.
அறுபத்தோராவது ஆளுக்கு அப்புறம் வா.
யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம்
ஏழு நாளில் தானாக அழிந்துவிடும்.

வீட்டில் இருப்பது வேறு ரகம்.
ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பழைய பெட்டி.
உள்ளே இரண்டு வட்டு,
ஒன்று செத்தால் மற்றது சாட்சி.
ஃப்ரிட்ஜுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில்
அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும்.
கேஸ் ரசீது, கை தவறி எடுத்த செருப்பு,
ஒரே இட்லிக்கு ஒன்பது படம்,
எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வைத்துக்கொள்ளும்.

ஆபீசில் வாசல் மென்பொருள்களை ஒப்பிட்டு
அட்டவணை கேட்டார்கள்.
வீட்டில் பட மென்பொருளை மாற்றலாமா என்று
எனக்கே ஓர் அட்டவணை.
ராத்திரி ஒன்றரை மணிக்கு இரண்டும் கலந்துவிட்டன.
'நினைவு' என்ற கட்டத்தில்
ஒன்றுக்கு 'தேவையில்லை' என்று எழுதியிருந்தேன்,
இன்னொன்றுக்கு 'போதவில்லை' என்று.
எதை எதற்கு என்று காலையில் தெரியவில்லை.

அப்போதுதான் பயனர் பட்டியலைப் பார்த்தேன்.
சாவி எண் நான்கு: எபநேசர்.

கோர்ட்டில் எல்லாம் பிரித்தாயிற்று.
வாஷிங் மெஷின் எனக்கு, பைக் அவனுக்கு,
ஷெரினின் மாதத்தில் இரண்டு ஞாயிறு அவனுக்கு.
பெட்டியை எந்த வக்கீலும் கேட்கவில்லை.
இரண்டு வருடமாக
அவன் போன் சார்ஜில் கிடக்கும் ராத்திரிகளில்
அன்றைய நாள் என் சமையலறைக்கு வந்து
இறங்கிக்கொண்டிருக்கிறது.

பெரம்பூரில் ஓர் அறை. ஓதம் ஏறிய சுவர்.
ஒற்றைத் தட்டு.
சர்க்கரை மாத்திரை அட்டை, பெயர் தெரிய நெருக்கத்தில்.
ஷெரின் சிராய்த்துக்கொண்ட முழங்கால்,
என்னிடம் சொல்லாதது.

பெட்டி ஒருநாள் இரண்டு வட்டங்களைக் காட்டியது.
கல்யாணத்தன்று கன்னம் உப்பிய ஒருவன்,
தாடி வைத்து ஒடுங்கிய ஒருவன்.
'இருவரும் ஒரே நபரா?'
ஆம், இல்லை, இரண்டு பொத்தான்.
ஜன்னலை மூடிவிட்டேன்.

வேலையில் அந்த வாரம் மட்டும்
பதினோரு சாவிகளை ரத்து செய்தேன்.
ஒரு கம்பெனிக்காரர் ஃபோன் பண்ணி அழாத குறை.
விதி விதிதான் சார் என்றேன்.
இங்கே ஒரே ஒரு சொடுக்கு.
நாளைக்கு, நாளைக்கு என்று
டிசம்பர் வந்துவிட்டது.

பள்ளிக்கரணைப் பக்கம் வானம் உடைந்தது.
கணுக்கால், அப்புறம் முழங்கால்.
ஷெரினும் நானும் டிரம்மை விட்டுவிட்டு
பெட்டியைத்தான் முதலில் பரணில் ஏற்றினோம்,
கிறிஸ்துமஸ் ஸ்டார் அட்டைக்குப் பக்கத்தில்.
கரண்ட் போனது. டவரும் போனது.
மூன்று நாள் முனகல் இல்லாத வீடு
யாரோ செத்த வீடு மாதிரி இருந்தது.

நான்காம் நாள் விளக்கு எரிந்தது.
பெட்டி இருமி எழுந்தது.
நான்காம் சாவி வரிசையில் காத்திருந்தது,
நிமிடத்துக்கு அறுபது என்ற கணக்கெல்லாம் இல்லாமல்
மொத்தமாகக் கொட்டியது.
முதல் படம், பால் கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
அவன் கோணல் எழுத்து.
'பெட்டியை மேலே வெச்சியா?'
அடுத்தது அதே தாளின் பின்பக்கம்.
'ரெண்டு பேரும் மாடிக்குப் போயிடுங்க.'

அப்படியானால் தெரியும்.
இரண்டு வருடமாகத் தெரியும்.
மாத்திரை அட்டையைப் பெயர் தெரிய எடுத்தவனுக்குத்
தெரியாமல் இருக்குமா?

ஸ்டூல் போட்டு ஏறி
பரணில் பச்சை விளக்கோடு நிற்கும் பெட்டியை
ஒரு படம் எடுத்தேன்.
ஷெரினின் விரல் ஓரத்தில் விழுந்துவிட்டது,
வெட்டவில்லை.
அது ஏறிக்கொண்டிருக்கிறது.
அவன் திறந்து பார்ப்பானா என்பதற்கு
எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை.

அரிசி முழுக்க நனைந்துவிட்டது.
கீழே நாடார் கடை திறந்தாயிற்றா
என்று பார்க்கப் போகிறேன்.